பயில்வான் சட்டை உரித்த ஞாயிறு

ஹருயோவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும், நாக்கு குழறும், எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொய்யை வருஷக்கணக்கில் விடாமல் சொல்லிவந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், ஒரே ஓர் ஆளிடம் மட்டும். அந்த ஆள் அவள் பெற்ற மகன் இசாமு.

அவள் வீடு கசுமிகௌரா ஏரிக்கரையில், தாமரை வயல்களுக்கு நடுவே இருந்தது. கணவன் தொகுஜி தாமரைக் கிழங்கு பயிரிடுகிறவன். இடுப்பளவு சேற்றில் நின்று கிழங்கு எடுப்பது அவன் தொழில். வாயைத் திறந்து பேசுவது அவனுக்கு அதைவிடக் கஷ்டம். அந்த வயல் கால்வாய்களில் சிவப்பாக, உடம்புக்குப் பொருந்தாத இரண்டு பெரிய கொடுக்கோடு ஒரு ஜாதி இறால் மண்டிக் கிடக்கும். வயல் இறால் என்று சொல்லிக்கொள்வோம். வரப்பில் வளை தோண்டி நீரை வடித்துவிடும் என்பதால் தொகுஜிக்கு அதைக் கண்டாலே ஆகாது. பிள்ளைகளுக்கோ அதுதான் விளையாட்டு. நூல் நுனியில் காய்ந்த கணவாய்த் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும், கொடுக்கால் கவ்விக்கொண்டு கரைக்கு வந்துவிடும். கரைக்கு வந்த பிறகும் கவ்வியதை விடாது.

ஐந்து வயது இசாமு அதில் சூரன். கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு இருக்கும். "இவன் மல்யுத்தக்காரன் ஆகப்போறான் பாரு" என்று தெருவே மெச்சியது, ஹருயோவும் பூரித்துப் போனாள். அந்தப் பருமன்தான் நோயின் முதல் அடையாளம் என்பது அப்போது அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாமல் மெச்சினார்கள், அந்த மெச்சலை அவள் பிற்பாடு மன்னிக்கவே இல்லை.

அப்படி ஒரு நாள் தாயும் மகனும் கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஹிரானுமா என்கிற பேராசிரியர் வந்து சேர்ந்தார். மலையடிவாரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து பளபளக்கும் தோல் ஷூவோடு வந்தவர், வரப்பில் வழுக்கித் தொடைவரை சேற்றில் இறங்கிவிட்டார். சேற்றில் நின்றபடியே தலைகுனிந்து வணக்கம் சொன்னார்.

"அம்மா, இந்த இறாலை எனக்கும் கொஞ்சம் பிடிச்சுத் தர முடியுங்களா?"

"சமைக்கவா?"

"இல்லைங்க. இழுத்துப் பாக்க."

இசாமு விழுந்து விழுந்து சிரித்தான். ஹருயோவும் சிரித்தாள். ஆனால் மனிதர் உண்மையைத்தான் சொன்னார். எந்தத் தசையையும் இழுத்தால் நீள்கிறது, விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவருவது எது? தசைக்குள் நீளமான நூலாக, ரப்பரைப் போல நீண்டு சுருங்கும் ஒரு புரதம் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வயல் இறாலின் கொடுக்குத் தசை மற்றப் பிராணிகளின் தசையைவிட அதிகம் இழுபடும். ஆகவே அந்த நூலை அதில்தான் தேட வேண்டும். அதற்காக அந்த மனிதர் தன் பாதி ஆயுளைக் கொடுத்திருந்தார். மீதியையும் கொடுக்கத் தயாராக இருந்தார்.

முதலில் இறால் பிடித்துக் கொடுக்கத்தான் ஹருயோ அவர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாள். பிறகு தொட்டி கழுவ. பிறகு அவள் விரல் நிதானத்தைப் பார்த்துத் தசை பிரிக்கிற வேலையையே கொடுத்துவிட்டார்கள். இறாலை ஐஸில் வைத்து மயங்கச் செய்து, கொடுக்கை வெட்டி, ஓட்டைத் திறந்து, மயிரிழை மாதிரி இருக்கும் தசை நாரைத் தனியே எடுத்து, குச்சியில் இழுத்துக் கட்டி கிளிசரினில் போட வேண்டும். கொஞ்சம் சூடு பட்டாலும் அந்த நூல் தன்னைத்தானே தின்று தீர்த்துவிடும். அதனால் எல்லாம் ஐஸின் மேல்தான். கோடையிலும் அவள் கைகள் சில்லென்றே இருக்கும்.

இதற்குள் இசாமு விழ ஆரம்பித்திருந்தான். சமதரையில் நடக்கும்போதே மடங்கி விழுவான். எழுந்திருக்க வேண்டுமென்றால் தன் முழங்காலையும் தொடையையும் கையால் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறுகிறவன் மாதிரி எழுவான். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பையனை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பெற்றவர்களை மட்டும் உள்ளே கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். தீராத வியாதி என்றால் வியாதிக்காரனிடம் சொல்லக் கூடாது, வீட்டுக்காரர்களிடம்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் அதை வாங்கி விழுங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வெளியே வர வேண்டும்.

"தசை ஒண்ணொண்ணா தேஞ்சுகிட்டே போகும். இருபது வயசைத் தொட்டா அதிர்ஷ்டம். மருந்து கிடையாது. பையன்கிட்ட மூச்சுவிடாதீங்க" என்றார் டாக்டர். பிறகு ஹருயோவைப் பார்க்காமல், "இது தாய்வழியா வர்றது" என்றார்.

ஹருயோவுக்கு ஒரு தம்பி இருந்தான். சிறுவயதிலேயே நடை போய், படுக்கையில் கிடந்து செத்துப்போனான். எலும்பு பலவீனம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் கெண்டைக்காலும் உருண்டு திரண்டுதான் இருந்தது என்பது டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்த அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. தொகுஜியின் அக்கா, "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதில்லையேம்மா" என்று ஒரு தரம் சொன்னாள். ஒரு தரம்தான் சொன்னாள். அதுவே ஆயுசுக்கும் போதுமாக இருந்தது.

ஒன்பது வயதில் இசாமுவைக் கடலோரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவனைப் போன்ற பையன்களுக்கென்றே அங்கே ஒரு வார்டு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். வாசலில் பைன் மரங்கள், அதற்கடியில் பஸ் நிறுத்தம். அம்மாக்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அழுகிறதென்றால் பஸ் நிறுத்தத்தில் அழலாம். கேட்டுக்கு உள்ளே ஒரு சொட்டுக் கூடாது. ஞாயிறு சாயங்காலம் அந்தப் பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். டிரைவர் அவசரப்படுத்த மாட்டார்.

அங்கேதான் ஹருயோவின் பொய் பிறந்தது. முதல் ஞாயிறு, வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லி அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த வேறு வழி தெரியவில்லை.

"நம்ம சென்செய் இல்ல, சேத்துல விழுந்தாரே, அவர் உன் காலுக்குத்தாண்டா மருந்து தேடுறார். இழுத்தா நீளுற நூல் ஒண்ணு இருக்கு. அதைக் கண்டுபிடிச்சிட்டா எல்லாம் சரியாயிடும்." வாத்தியாரையும் டாக்டரையும் எங்களவர்கள் சென்செய் என்றுதான் சொல்வார்கள்; மற்றவர்கள் பேரோடு மரியாதைக்கு 'சான்' சேர்ப்பார்கள்.

"அந்த இறால்லயா?"

"அந்த இறால்லதான்."

காது சிவந்திருக்கும். குழந்தை அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவன் கேட்பான், "சென்செய் எதுவரைக்கும் வந்திருக்கார்?" அவளும் ஏதாவது சொல்வாள். நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது, நூலின் நீளத்தை அளந்துவிட்டார்கள், வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்திருக்கிறது. இதெல்லாம் நிஜம்தான். நிஜத்தையெல்லாம் அடுக்கி அதன் மேல் ஒரு பொய்யை உட்காரவைத்திருந்தாள். வருஷம் போகப் போக, அவளுக்கே அதில் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. வெள்ளத்தில் போகிறவளுக்குத் துரும்பும் தெப்பம்தானே.

"அம்மா, உன் கையைக் குடு" என்பான் இசாமு. அந்தச் சில்லென்ற கையை நெற்றியில் வைக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வான். பதினேழு வயதிலும் அப்படித்தான். அதற்குள் அவன் சக்கர நாற்காலியில் முதுகு வளைந்து உட்கார ஆரம்பித்திருந்தான். கையைத் தலைக்கு மேல் தூக்கி நாளாகிவிட்டது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது. புத்தகம் புத்தகமாகப் படித்தான். பக்கத்தைப் புரட்டத்தான் ஆள் வேண்டும். பக்கத்துப் படுக்கை கோஹெய்தான் புரட்டுவான். பன்னிரண்டு வயதுக் கோஹெய்க்குக் கையில் வலு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அந்த வருஷம் வசந்தத்தில், ஹருயோ ஓர் இறாலின் கொடுக்கைத் திறந்தவள் திகைத்துப்போனாள். உள்ளே தசையைக் காணோம். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை; சுருங்கி, குழைந்து, ஓட்டுக்குள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை காலத்தில் அவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஓட்டின் நிறம் மங்கியவற்றை வேலைக்கு எடுப்பதில்லை என்று ஒரு முறை இருந்தது, ஏன் என்று அவள் கேட்டதில்லை. அன்று அவசரத்தில் கை மாறி எடுத்துவிட்டாள்.

"அடடா, சட்டை உரிக்கப்போற இறால்" என்று எட்டிப் பார்த்தார் ஹிரானுமா. "கொடுக்கு பெருசு, அதோட அடி மூட்டு குறுகல் பாருங்க. பழைய ஓட்டை விட்டு உருவி வெளியே வரணும்னா உள்ள இருக்கிற தசை மெலிஞ்சாதான் முடியும். அதனால முன்கூட்டியே அதுவே தேய்ச்சுக்கும். இது அளக்க உதவாது, போட்டுடுங்க."

ஹருயோ போடவில்லை. "அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"உரிச்சப்புறம், சென்செய். அந்தத் தசை?"

"திரும்ப வளர்ந்துடும். முன்ன இருந்ததைவிடப் பெருசாவே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஹருயோ சான், இது வியாதி இல்லை. இதோட உடம்பு இதை வேணும்னே செய்யுது. மனுஷ உடம்புக்கு இந்த வித்தை தெரியாது. நீங்க வேற மாதிரி எதையும்..."

"தெரியும், சென்செய்" என்றாள் ஹருயோ. தெரியும் என்றவள் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும். திரும்ப வளர்ந்துடும்.

அடுத்த ஞாயிறு, நிறம் மங்கி இரை எடுக்காமல் ஒடுங்கிக் கிடந்த பெரிய இறால் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, வாளியில் போட்டு, துணியால் மூடி, பஸ் ஏறிவிட்டாள். வார்டு நர்ஸ் இகுதா வாசலிலேயே மறித்தாள்.

"என்னம்மா இது? இது ஆஸ்பத்திரியா, மீன் கடையா?"

"கொஞ்ச நாள்தான், இகுதா சான். நாத்தம் வராது. நான் வந்து தண்ணி மாத்துறேன்."

"ராத்திரி தப்பிச்சு வந்து என் கால் விரலைக் கவ்வினா?"

"கவ்விக் கவ்வி அதுக்கே பல் போயிடும், சிஸ்டர்" என்றான் உள்ளேயிருந்து இசாமு. வார்டே சிரித்தது. இகுதா வழி விட்டாள்.

சன்னலோரத்துக் கண்ணாடித் தொட்டியில் அதை விட்டார்கள். ஹருயோ அதன் பக்கத்தில் நின்று, வாழ்நாளில் பேசாத அளவுக்குப் பேசினாள். கொடுக்குக்குள் தசை பாதியாகத் தேய்ந்துவிட்டது என்றாள். கொஞ்ச நாளில் சட்டை உரிக்கும், அப்புறம் பாருங்கள், தேய்ந்தது முழுக்க வளரும் என்றாள். எப்படி வளர்கிறது என்பதை மட்டும் சென்செய் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்றாள். "ஒரு பிராணிக்கு முடியுதுன்னா மத்ததுக்கும் ஒரு நாள் முடியும், இல்லையா?" காது இரண்டும் செக்கச்செவேல்.

பையன்கள் இசாமுவைப் பார்த்தார்கள். இசாமுதான் முதலில் வாயைத் திறந்தான்.

"பேர் வைக்கணுமே. பயில்வான்னு வைப்போம்."

"பாதித் தசை போன பயில்வானாண்ணா?" என்றான் கோஹெய்.

"அதான்டா நம்ம வார்டு பயில்வான்."

பயில்வான் நாட்களைக் கடத்திக்கொண்டே போனான். ஹருயோவுக்குத்தான் பயம். சட்டை உரிக்கும்போது கொடுக்கு சிக்கிச் செத்துப்போகிற இறால்கள் நிறைய. இது செத்துவிட்டால் அத்தனை பிள்ளைகளின் முகத்திலும் எப்படி விழிப்பது? எதற்கு இந்த வேண்டாத வேலையில் இறங்கினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகலுணவு முடிந்த வேளையில், பயில்வான் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். கோஹெய்தான் முதலில் பார்த்தான். "அத்தை! ஓடி வாங்க!" முதுகு ஓடும் வாலும் சேருமிடத்தில் பிளந்து, உள்ளிருந்து வெளிறிய இளம் உடம்பு பிதுங்கியது. தலை வந்தது, மீசை வந்தது, கால்கள் ஒவ்வொன்றாக வந்தன. கொடுக்கு வரவில்லை. இழுத்தான், நிறுத்தினான், மறுபடி இழுத்தான்.

"இழு! இழுடா பயில்வான்!" என்று கத்தினான் இசாமு. அவ்வளவுதான், வார்டு முழுவதும் கத்தத் தொடங்கியது. படுத்திருந்தவர்களும் கத்தினார்கள். மூச்சு போதாதவர்களும் கத்தினார்கள். "இழு! இழு!" இகுதா ஓடி வந்தாள், திட்ட வாயைத் திறந்தாள், திட்டாமல் அவளும் நின்றுவிட்டாள். ஒரு கொடுக்கு உருவிக்கொண்டு வந்தது. அடுத்ததும் வந்தது. சவசவத்துச் சுருங்கி, நனைந்த துணி மாதிரி தொங்கிய இரண்டு கொடுக்குகள். பக்கத்தில் பழைய சட்டை, கொடுக்கு கண்ணெல்லாம் அப்படியே, உள்ளே ஆளில்லாமல் நின்றது.

வார்டில் எழுந்த ஆரவாரம் பள்ளிக்கூடம் வரை கேட்டதாம். ஹருயோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரும்பிப் பார்த்தபோது இசாமு தொட்டியைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அன்று மட்டும் அவள் பஸ் நிறுத்தத்தில் அழவில்லை.

பயில்வான் தன் பழைய சட்டையையே தின்று ஓட்டை இறுக்கிக்கொண்டான். வாரம் செல்லச் செல்லக் கொடுக்கு நிறைந்தது. கோஹெய் சாப்பாட்டுக் குச்சியை நீட்டுவான்; பயில்வான் முதலில் நழுவவிட்டான், பிறகு பிடித்தான், கோடை முடியும்போது குச்சியோடு சேர்ந்து தண்ணீருக்கு மேலேயே தொங்கினான். அதே வார்டில் மாதத்துக்கு ஒரு முறை பையன்கள் கையில் ரப்பர்ப் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்லி அளப்பார்கள். இசாமுவின் அளவு முள் கோடை முடிவில் நகரவே இல்லை. அளந்தவர், "இன்னிக்குக் கொஞ்சம் அசதி போல" என்றார். "ஆமா, மேட்ச் ஆடிட்டு வந்தேன்" என்றான் இசாமு.

இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்தில் ஒரு சடங்கு நடக்கும். ஆராய்ச்சிக்காக உயிர் விட்ட பிராணிகளுக்கென்று தோட்டத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதன் முன்னால் எல்லோரும் கருப்பு உடுப்பில் நின்று வெள்ளைச் சாமந்தி வைப்பார்கள். எலிக்கு உண்டு, முயலுக்கு உண்டு, தவளைக்குக்கூட உண்டு. வயல் இறாலுக்குக் கிடையாது. முதுகெலும்பு இல்லாததற்கெல்லாம் வைக்கப் போனால் கட்டுப்படியாகாது என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் ஹருயோ வரிசையின் கடைசியில் போய்த் தன் பங்குக்கு ஒரு பூ வைத்தாள். நீங்க இத்தனை பேர் கொடுத்த கைக்குப் பதிலா என் பிள்ளைக்கு ஒரு கை திருப்பிக் கொடுங்க என்று வேண்டிக்கொண்டாள். செத்த இறாலிடம் பிச்சை கேட்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை. ஹிரானுமா பின்னால் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வந்து, விட்டுவிட்டு, "குளிருது, உள்ளே போவோம்" என்றார்.

குளிர் தொடங்கியதும் இசாமுவுக்கு மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை, தலையணைகளை அடுக்கிச் சாய்த்திருந்தார்கள். நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

"சென்செய் எதுவரைக்கும்?"

"கிட்ட வந்துட்டாராம்டா. ரொம்பக் கிட்ட."

"நல்லது." கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். "என்னை வேற ரூமுக்கு மாத்தினாலும், பயில்வான் இங்கேயே இருக்கட்டும். கோஹெய் பாவம், அவனுக்குப் பேச்சுத் துணை. நீ ஞாயித்துக்கிழமை வந்து தண்ணி மட்டும் மாத்திடு. மறக்கக் கூடாது."

"எதுக்குடா மறக்கப்போறேன்?"

"சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அவன் கையைக் கேட்டான். நெற்றியில் வைத்தாள். "இன்னும் சில்லுனு இருக்கு" என்றான். அதுதான் அவன் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு. வெள்ளிக்கிழமை விடியும் முன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

புத்தாண்டுக்கு எங்கள் பக்கத்தில் தாமரைக் கிழங்கு இல்லாத வீடு கிடையாது. அதன் துளை வழியாக வரப்போகும் வருஷம் தெரியுமாம். அதனால் வருஷக் கடைசியில்தான் அறுவடை மும்முரம். எரியூட்டி எலும்பெடுத்த மறுநாளே தொகுஜி வயலில் இறங்கிவிட்டான். ஹருயோவுக்கு வயிறு எரிந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வரப்பு வரை போனாள். அவன் பனிக்கட்டி மிதக்கும் சேற்றில் இடுப்பளவு நின்றிருந்தான். கையில் கிழங்கு இல்லை, கருவி இல்லை. வேலை எதுவும் செய்யவில்லை. சும்மா நின்றிருந்தான். அவள் கேட்க வந்ததைக் கேட்காமல், "சூப் ஆறுது, வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று ஹிரானுமா எழுந்து நின்று, மேசையில் நெற்றி படும் அளவுக்குக் குனிந்தார்.

"சென்செய், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த நூல் அவனுக்கு எப்பவாவது உதவியிருக்குமா?"

அவர் நிமிர்ந்தார். "இல்லை" என்றார். "முதல்லயே சொல்லியிருக்கணும். உங்க முகத்தைப் பாத்தா வாய் வரலை. என்னை மன்னிச்சிடுங்க."

"நானும் அவன்கிட்டச் சொல்லலையே" என்றாள் ஹருயோ. "அவன் என்னை நம்பிக்கிட்டே போயிட்டான், சென்செய். கிட்ட வந்துட்டார்னு சொன்னேன். சாகப்போற பிள்ளைகிட்ட."

அன்று அவள் கட்டிக் கொடுத்த நார் ஒன்றைக் கருவியில் மாட்டி இழுத்தார்கள். பக்கத்தில் இருந்தும் அவள் இதுவரை நின்று பார்த்ததில்லை. நார் நீண்டது. விட்டதும், எதுவும் நடக்காதது போலத் தன் இடத்துக்கு வந்து நின்றது. உயிர் போன கொடுக்கு, உடம்பை விட்டுப் பிரிந்த நார், அதுகூடத் திரும்பி வருகிறது. அந்த நாரின் மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது; கருவியோடு தூக்கிப் போட்டு மிதிக்கலாம் போல இருந்தது. மிதிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அடுத்த இறாலை ஐஸில் வைத்தாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் சத்தியம் நினைவில் குத்தியது. அதுவரை அந்தப் பஸ்ஸில் ஏறக் கால் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறினாள். இசாமுவின் படுக்கையில் வேறொரு பையன் இருந்தான். சன்னலோரத்தில் தொட்டி அப்படியே இருந்தது. இகுதாவே தண்ணீர் மாற்றி வந்திருக்கிறாள். பயில்வானின் நிறம் மங்கியிருந்தது.

"ரெண்டு நாளா தின்ன மாட்டேங்குது, அத்தை" என்றான் கோஹெய். அவன் கையும் இப்போது மடியில்தான் கிடந்தது. "மறுபடி சட்டை உரிக்கப்போகுதா?"

"ஆமாம்ப்பா."

"மறுபடி தசை தேயுமா?"

"தேயும்."

"மறுபடி வளருமா?"

பஸ்ஸில் வரும்போதே அவள் தீர்மானித்துவிட்டாள். இன்னொரு பிள்ளையிடம் அந்தப் பொய்யைச் சொல்வதில்லை. வழக்கம் என்னவாக இருந்தாலும் சரி. கோஹெயின் படுக்கையோரம் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் சில்லென்ற கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு வளரும், கோஹெய்" என்றாள். "இதுக்கு மட்டும்தான். நான் அன்னிக்குச் சொன்னது..."

"தெரியும், அத்தை."

"என்ன தெரியும்?"

"அது வேற, நம்மது வேறன்னு. நீங்க வாளியோட வந்தீங்களே, அன்னிக்கே நீங்க பஸ் ஏறுனதும் இசாமு அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லிடுச்சு. புத்தகத்துல எல்லாம் போட்டிருக்காம். அண்ணனுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும்." கோஹெய் குரலைத் தாழ்த்தினான். "'எங்கம்மா சொன்னது பொய்தான், காதைப் பாத்தீங்கல்ல? ஆனா எவனும் காட்டிக் குடுக்கக் கூடாது. அது சட்டை உரிக்கிற அன்னிக்கு எல்லாரும் நல்லா சத்தமா கத்தணும், அம்மா வீட்டுக்குப் போற வரைக்கும் அந்தச் சத்தம் காதுல இருக்கணும்'னு சொல்லிச்சு. அதான் கத்தினோம். படுத்திருந்தவங்ககூட."

ஹருயோ அவன் கையை விடவில்லை.

கோஹெய்க்குக் கவலையாகிவிட்டது. "அத்தை, நாங்க நல்லா கத்தினோமா?"

"ரொம்ப நல்லா கத்தினீங்கடா" என்றாள் ஹருயோ. பஸ் நிறுத்தம் வரை அவளால் போக முடியவில்லை. கேட்டுக்கு உள்ளே, வார்டுக்கு நடுவில், எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதாள்.